கும்பிட வேண்டாம், ஓய்வு கொடுங்கள்

கொரோனா உச்சத்தில் இருந்தபோது நான் நன்றாகத்தான் இருந்தேன். 2021 மே மாதம், படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் காத்துக்கிடந்த நாட்களில், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கொரோனா வார்டில் செவிலியராக ஓடிக்கொண்டிருந்தேன். எல்லாம் அடங்கி, ஊரே முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட 2022-இல்தான் என்னால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனது. அது ஏன் என்று புரியவே எனக்கு நெடுநாள் பிடித்தது. என்னைப் போலவே உள்ளுக்குள் ஒடிந்திருந்தும், வெளியே சொல்லாமல் வேலைக்குப் போய்வருகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரையில் நிகழ்ந்தது. 2020 மார்ச் 25, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், அரசு ராஜாஜி மருத்துவமனையில் 54 வயதுக்காரர் ஒருவர் இறந்தார். நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பே பயம் எங்கள் ஊருக்குள் வந்துவிட்டது. ஜூனில் பரவை காய்கறி மார்க்கெட்டில் தொற்று பரவியது. அந்த மாதம் 24-ஆம் தேதி மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு போட்டார்கள். பாசிட்டிவ் வந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் எங்களை ஊர் நடத்திய விதம் இன்னமும் மனதில் நிற்கிறது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடிகளில் நின்று கைதட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது பூத்தூவின. இந்த இரண்டுக்கும் நடுவில், ஏப்ரல் 19 இரவு, கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்க விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் வீசி விரட்டியது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரே மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். அந்தச் செய்தியை எங்கள் டூட்டி ரூமில் ஒரே போனில் சேர்ந்து பார்த்தோம். யாரும் எதுவும் பேசவில்லை.

நான் வாடகைக்கு இருந்த வீட்டம்மா நல்லவர். தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்காமல் விடமாட்டார். அவரும் ஒருநாள் வாசலில் தள்ளி நின்றுகொண்டு, "நீ சாமி மாதிரித்தா. ஆனா எங்க வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு, கொஞ்சம் வேற எடம் பாத்துக்கிறியா" என்றார். சாமி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எதுவும் செய்யவேண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. சாமிக்குப் பசிக்காது, தூக்கம் வராது, பயமிருக்காது. சாமி லீவு கேட்காது.

இரண்டாம் அலை முதல் அலையைப் போல இல்லை. பி.பி.இ. உடையை மாட்டினால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. மாதவிடாய் நாட்களிலும் அதே ஆறு மணி நேரம்தான். எல்லோரும் ஒரே மாதிரித் தெரிவோம் என்பதால் உடையின் நெஞ்சுப் பக்கம் மார்க்கரில் பெயர் எழுதிக்கொள்வோம். வெளியே மதுரை மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் வாங்க உறவினர்கள் வரிசையில் நிற்பார்கள். உள்ளே நாங்கள் ஒவ்வொரு படுக்கையாகப் போய் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டி எண்ணைப் பார்ப்போம். 94 என்றால் நிம்மதி. 85 என்றால் ஓட்டம்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு பெரியவர் எங்கள் வார்டில் இருந்தார். குப்புறப் படுத்தால் ஆக்ஸிஜன் அளவு ஏறும். ஆனால் அவருக்கு அப்படிப் படுக்க வராது. "மூச்சு முட்டுது தாயி, ஒருச்சாச்சுப் படுத்துக்கிறேன்" என்று கெஞ்சுவார். ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருந்தோம். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நான்தான் எடுத்துக் காதில் பிடிப்பேன். மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் பேசுவது அந்தப் பக்கம் கேட்காது. "தண்ணி பாய்ச்சுனியான்னு கேக்குறாரும்மா" என்று நான் எடுத்துச் சொல்வேன். பாய்ச்சிவிட்டதாக அவர் மனைவி சொல்வார். தினமும் இதே பேச்சுதான்.

ஒருநாள் விடியற்காலையில் அவர் போய்விட்டார். மரணத்தை வீட்டாருக்கு மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. மருத்துவர் அடுத்த படுக்கையில் ஒருவருக்குக் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார். உடலைப் பொதிந்து, உடைமைகளைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று எழுதியிருந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் பையைக் கட்டி முடித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனேன். அவர் குடும்பம் அவர் முகத்தைத் தூரத்திலிருந்து ஒருதரம் பார்த்ததோடு சரி. தத்தனேரி மயானத்தில் அன்று எத்தனையோ உடல்கள் காத்துக்கிடந்தன.

அழுவதற்கு அன்று நேரமில்லை. பிறகு நேரம் கிடைத்தபோது அழுகை வரவில்லை. அதுதான் என் நோயின் தொடக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அலை ஓய்ந்தது. கொரோனா வார்டைப் பிரித்துப் பொது வார்டாக்கினார்கள். நான் தூக்கத்தை இழந்தேன். யாருடைய போன் அடித்தாலும் உள்ளங்கை வியர்த்தது. காய்ச்சலோடு வரும் பாட்டியிடம் பேசப் பிடிக்கவில்லை. ஊசி போடுவேன், சார்ட் எழுதுவேன், நகர்ந்துவிடுவேன். ஒரு நோயாளி இறந்ததாக ஹேண்ட் ஓவரில் சொன்னபோது, ஒரு படுக்கை காலியானது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. நான் கல்நெஞ்சக்காரியாகிவிட்டேன் என்று நினைத்தேன். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருடமும் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு வராத அழகர் 2022 ஏப்ரல் 16 அன்று வைகையில் இறங்கினார். ஊரே ஆற்றங்கரையில் திரண்டு கண்ணீரோடு கும்பிட்டது. சின்ன வயதிலிருந்து அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு முதல் ஆளாக ஓடுகிற நான், அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

அம்மாதான் முதலில் பயந்தார். கோடாங்கியிடம் குறி கேட்கலாம் என்றார். மனநல மருத்துவரிடம் போகிறேன் என்று சொன்னபோது அவர் முகம் வெளிறிப்போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பகுதியில் மனநோய் என்றால் பலருக்கும் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் கருகிச் செத்தார்கள். மனநலம் பார்க்கும் இடம் என்றால் சங்கிலி என்றே எண்ணி வளர்ந்தவர் என் அம்மா. இதே மதுரையில் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, ஊருக்குள்ளேயே பரிவோடு சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுத்துவருவதைச் சொல்லித்தான் அவரைத் தேற்றினேன்.

நான் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டது, "கடைசியா எப்ப முழுசா தூங்குனீங்க?" என்றுதான். வேலையின் அழுத்தம் தொடர்ந்து ஆறாமல் கிடந்தால் வரும் இந்த நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்களோடு வரையறுத்திருப்பதை விளக்கினார். தீராத களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், நாம் செய்வதில் பலனில்லை என்ற எண்ணம். மூன்றும் என்னிடம் இருந்தன. கூடவே மனச்சோர்வு நோயும் சேர்ந்திருந்தது. "உங்க மனசு கெட்டுப்போகல. தாங்க முடியாததால கதவைச் சாத்திக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

மாத்திரை சாப்பிட்டேன். வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசினேன். கொடிக்கால் பெரியவரைப் பற்றித்தான் அதிகம் பேசினேன். ஆனால் என்னைத் தூக்கி நிறுத்தியதில் பெரிய பங்கு வேறொன்றுக்கு உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் எனக்கு நைட் டூட்டியை நிறுத்தினார், வார விடுப்பைத் தவறாமல் கொடுத்தார். தூக்கம் திரும்பியது. தூக்கத்துக்குப் பின்னால் பசி வந்தது. பிறகு மனிதர்கள் மேல் அக்கறையும் மெல்ல வந்தது. அன்பும் பொறுமையும் தியாகத்தால் ஊறுபவை என்று அதுவரை நம்பியிருந்தேன். அவற்றுக்கு அடியில் தூக்கமும் சாப்பாடும் ஆள்பலமும் இருக்க வேண்டும் என்பது நான் உடம்பால் கற்ற பாடம்.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மட்டும் உலகெங்கும் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. அந்தச் சுமை குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைத் தோளில் தாங்கியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்த்தேன். கொரோனா காலத்தில் தமிழக அரசு ஒப்பந்தத்தில் எடுத்த 2,400-க்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அவர்கள் வேலை கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடியதைப் பார்த்தபோது எனக்கு மொட்டைமாடிக் கைதட்டல் ஞாபகம் வந்தது. கைதட்டியவர்கள் பொய்யாகத் தட்டவில்லை. ஆனால் நன்றி என்பது ஷிப்டுக்குப் போதுமான ஆட்களாக, தவறாத வார விடுப்பாக, கேட்டதும் கிடைக்கிற மனநல ஆலோசனையாக வந்து சேர வேண்டும். அடுத்த தொற்று வரும்போது உடைகளையும் சிலிண்டர்களையும் இருப்பு வைப்பதைப் போல இதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்.

இப்போது எங்கள் வார்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு நோயாளி இறந்தால், அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியரைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிட்டு வேறொருவர் படுக்கைகளைப் பார்த்துக்கொள்வோம். புதிதாக வந்த பிள்ளைகளிடம் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், தூங்கினாயா, சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். முகம் மாறினால் விடமாட்டேன். உங்கள் வீட்டிலும் பிறரைக் கவனிக்கிற வேலையில் ஒருவர் இருக்கலாம். செவிலியர், ஆசிரியை, தூய்மைப் பணியாளர், படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் என்று யாராகவும் இருக்கலாம். அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தால், எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுந்தால், குணம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அவர் வேலையில் ஒரு பங்கை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரைத் தூங்கவிடுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். மனநல ஆலோசனைக்கான இந்த அரசு சேவைக்குக் கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். நான் மருத்துவரிடம் போனதால்தான் இன்றும் இந்த வேலையில் இருக்கிறேன்.