கோத்த மணியும் கூசிய கையும்

ஊருக்கு உரைப்பது எளிது. உள்ளத்தைத் திருத்துவதோ அரிது. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில், ஒரு மாலை வேளையில், நாம் கற்ற பாடம் இது. கற்பித்தவர் பேராசிரியர் அல்லர். பாசிமணி கோத்து விற்கும் நரிக்குறவ அம்மையார் ஒருவர்.

சாதி ஒழிப்புக் கூட்டத்தில் பேசிவிட்டு ஊர் திரும்பும் நேரம். முழங்கிய முழக்கத்தால் தொண்டைக் கரகரப்புக்கூட மாறவில்லை. நடைமேடை ஓரத்தில் துணி விரித்து அமர்ந்திருந்தார் அவர். கால் பெருவிரலில் கம்பியின் ஒரு முனை. கையிலே சிறு குறடு. மணி நுழையும், கம்பி வளையும், குறடு ஒரு திருகு திருகும், கண்ணி ஒன்று பிறக்கும். சிவப்புக்குப்பின் கருப்பு, கருப்புக்குப்பின் வெள்ளை. எண்ணாமலே எண்ணிக்கை பிசகாத விரல்கள்!

"மணி வேணுமா, சாமி?"

சாமி இல்லை என்று சற்றுமுன் மேடையிலே சாதித்துவிட்டு வந்த நமக்கு இந்தப் பட்டம்! சிரித்தோம். மாலையொன்றை எடுத்தோம். நூறு ரூபாய் என்றார். ஐம்பது என்றோம். மறுப்பின்றிக் கொடுத்தார். பணத்தை அவர் கையில் கொடுத்தோமா? இல்லை, துணியின்மேல் போட்டோம். ஏன்? கேளாமலே கூசிற்று நம் கை. மேடையில் நாம் கொன்று புதைத்த தீட்டு, நம் விரல் நுனியில் உயிரோடிருந்தது!

மலைக்கு மாலையிட்ட பக்தர் ஒருவர் வந்தார்; துளசிமணி மாலை வாங்கினார்; எட்டி நின்றே வாங்கினார். கோத்த கை தீட்டாம், கோத்த மணி புனிதமாம்! நரிக்குக் கொம்பில்லை என்பது பள்ளிப்பிள்ளையும் அறிந்தது. அந்த இல்லாத கொம்பை வாங்கிப் பெட்டியில் பூட்டுவோர் உண்டு. விற்றவரைத் திண்ணையில் அமர்த்துவோர் எத்தனை பேர்? பக்தரைப் பழிக்க நா எழுந்தது. நம் கையை நினைத்தோம், நா அடங்கிற்று.

"பொண்ணு பள்ளிக்கூடம் போகுதா, அம்மா?"

"போகுது சாமி. மணியைக் கழட்டி வச்சிட்டுப் போகுது. போட்டுக்கிட்டுப் போனா சிரிக்கிறாங்க."

தாய் கோத்த மணி மகளுக்கு வெட்கமானது யார் குற்றம்?

கனடாவிலே, பழங்குடிப் பெண்கள் வண்ண நாடாக்களை வரிசையாகத் தைத்த ரிப்பன் பாவாடை அணிவர். நாடாவும் கண்ணாடி மணியும் ஐரோப்பிய வணிகர் கொணர்ந்தவை. அவற்றைத் தம் இனத்தின் அடையாளமாக்கிய கைத்திறன் அம்மக்களுடையது. 2020 திசம்பரில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அதை அணிந்து பள்ளி சென்றாள்; அது தகுந்த உடையன்று எனக் குறை கூறினர். சிறுமி தலைகுனிந்தாள், ஆனால் நாடெங்கும் பெண்கள் அப்பாவாடை அணிந்து அவள் பக்கம் நின்றனர். 2022 திசம்பரில் சட்டம் பிறந்தது. சனவரி 4 ரிப்பன் பாவாடை நாளாயிற்று.

அதே 2022 திசம்பரில்தான் நம் நாடாளுமன்றம் நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. 1965-இல் லோகூர் குழு பரிந்துரைத்தது. நிறைவேற 57 ஆண்டுகள்! இடையில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிற்று. மாற்றுப் பிழைப்புக்கு வழி காட்டினார் இல்லை. மணியே சோறாயிற்று.

2023-இல், இதே புதுக்கோட்டையை அடுத்த பொற்பனைக்கோட்டையில் மண்ணைத் தோண்டினர். கண்ணாடி மணிகளும் சூதுபவள மணியும் கிடைத்தன. தமிழர் நாகரிகம் என்று தலைநிமிர்ந்தோம். நிமிர வேண்டியதுதான். ஆனால் மண்ணுக்குள் கிடந்த மணிக்கு மாலை மரியாதை. மண்மேல் அமர்ந்து மணி கோப்பவருக்குப் பேரமும் ஏளனமுமா?

மீதி ஐம்பது ரூபாயை எடுத்தோம். இம்முறை அவர் உள்ளங்கையில் வைத்தோம். "சாமி என்று சொல்லாதீர்கள் அம்மா; அண்ணன் என்று சொல்லுங்கள்" என்றோம். வியந்து பார்த்தார், பின் சிரித்தார்.

இளைஞர்களே! அந்தச் சிறுமி மணி அணிந்தே வகுப்பறைக்குள் நுழையும் நாள் வரவேண்டும். சட்டம் அவர்களைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாம் நெஞ்சில் சேர்த்தோமா?