மீம், ஸீன்

சகோதரிகளே, கத்தரிக்கோல் என்றதும் உங்கள் தையல் பெட்டியில் கிடக்கும் சின்னதை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது தையற்கடை மேசையில் இருக்கும் கனத்த இரும்புக் கத்தரி. ஒரு வளையத்தில் பெருவிரல் மட்டும் நுழையும். மற்றதில் நான்கு விரல்களும் போகும். அடி அலகு மேசையோடு ஒட்டியே ஓடும்படி பிடியை வளைத்திருப்பார்கள். துணி மேலே எழும்பாது.

ஒரு நிக்காஹ்வுக்காக யாழ்ப்பாணம் போனபோது, ஐந்து சந்திக்கு அருகே பழைய சாமான் கடையில் அப்படி ஒன்றைக் கண்டேன். அலகில் ‘ஷெஃபீல்ட்’ என்ற ஆங்கில முத்திரை. கத்தி, கத்தரிகளுக்குப் பேர்போன இங்கிலாந்து நகரம் அது. பிடியின் உட்புறத்தில் உளியால் கொத்திய இரண்டு கீறல்களைக் கடைக்காரர் பூவேலை என்றார். அவை பூவேலை அல்ல. மீம், ஸீன் என்ற அரபு எழுத்துகள்.

1,500 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன். ஆனாலும், கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிக்க வேண்டும் என்று வகுப்பில் பாடம் சொல்கிறவனுக்கு அதை அலுமாரியில் வைத்துப் பூட்ட மனம் வரவில்லை.

கடைக்காரர் கொக்குவிலில் ஒரு வீட்டைக் காட்டினார். அங்கே முதிய தையல்காரர் ஒருவர். கத்தரியைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

“இது என்ரை சாமான் இல்லை, மௌலவி. சோனகதெருவிலைதான் நான் தொழில் பழகினது. சாணை பிடிச்சுக்கொண்டு வா எண்டு முதலாளி தந்துவிட்டவர். அடுத்த நாள் அவையளைப் போகச் சொல்லிப்போட்டாங்கள்.”

அந்த அடுத்த நாள் 1990 ஒக்டோபர் 30. ஒலிபெருக்கியில் அழைத்து, ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்ட நாள். வடக்கிலிருந்து அந்த மாதத்தில் விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. மழையில் நடந்த அந்த இரவில் இவர் தம் துணிப்பையோடு இந்தக் கத்தரியையும் சுமந்திருக்கிறார். கடையை மூடியபோது, விபரம் தெரியாத மகன் தையல் மெஷினோடு சேர்த்து இதையும் விற்றுவிட்டானாம்.

முதலாளியின் பெயரைச் சொன்னார். ஸீனில் தொடங்கும் பெயர். மீம்?

புத்தளம் தில்லையடியில் பள்ளிவாசல் பள்ளிவாசலாக விசாரித்தேன். முதலாளி மௌத்தாகிப் பல வருடம். மகள் இருக்கிறார், அவரும் தையல்தான், பள்ளிக்கூட உடுப்புகள். கத்தரியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்த எழுத்தைத் தடவினார்.

“மீம் உம்மாட பேரு, மௌலவி. உம்மாட காப்பை வித்துத்தான் வாப்பா இதை வாங்கின. அதனாலதான் உம்மாட எழுத்தை முன்னுக்கு வெட்டி வச்சிருக்காங்க.”

ஆக, பெண்களே, நான் இவ்வளவு நாளும் தேடியது வாப்பாவின் சொத்தை அல்ல!

கொடுத்த காசைத் திருப்பித் தர அவர் எழுந்தார். நான் மறுத்தேன். கொக்குவில் பெரியவரின் தொலைபேசி இலக்கத்தை மட்டும் கேட்டு வாங்கினார். என் முன்னாலேயே பேசினார். ஸலாம் சொல்லவா, வணக்கம் சொல்லவா என்று ஒரு கணம் தடுமாறியது தெரிந்தது. பிறகு கேட்டார்:

“சாணைக்கு வாப்பா காசு தந்தவரா, அண்ணே?”

“தந்தவர் பிள்ளை. மிச்சக் காசு என்னட்டைத்தான் இருக்கு.”