நிலுவையை முடிப்பது எப்படி?

அரசு அலுவலகத்தில் காலம் கழித்தவர்களுக்கு 'நிலுவை' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றில் ஒரு கலக்கம் வரும். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் எனக்கு அது போகவில்லை. மாதம் பிறந்தால் எத்தனை வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை மிச்சம் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கும் இதே கலக்கம் உண்டு என்பது என் மகள் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் நம் பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1132. அந்த இணைப்போடு நம் ஊர் அலுவலகங்களுக்குள் வந்தது டாட்டன்ஹாம் முறை. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வழங்கும் முறை அது. வரும் தபால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நடப்பு எண் உண்டு. பிரிவு எழுத்தர் அதைத் தன் பதிவேட்டில் ஏற்றுவார். தேதி, பொருள், யாருக்கு எழுதினோம், பதில் எப்போது வந்தது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. கடைசிக் கட்டம்தான் முக்கியம்: முடிவு.

வெறுமனே 'முடிந்தது' என்று அங்கே எழுத முடியாது. என்ன வகை முடிவு என்று சொல்ல வேண்டும். ஆர்.டிஸ் என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ் பத்து வருஷம், கே.டிஸ் மூன்று வருஷம், எல்.டிஸ் ஒரு வருஷம். என்.டிஸ் என்றால் வந்த காகிதத்தையே அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்று பொருள். தமிழில் ப.மு., மூ.மு. என்று உத்தரவுகளின் தலையில் பார்த்திருப்பீர்கள், அதுதான் இது. சில மாதங்களுக்குக் கை வைக்க முடியாத கோப்பு என்றால் அதற்குக் கால்புக் என்று தனி ஏடு. அங்கே மாற்றிவிட்டு, குறித்த நாளில் திரும்ப எடுக்க வேண்டும்.

எனக்கு இந்த எழுத்துகள் வெறும் சடங்காகத்தான் தெரிந்தன, ஒரு நாள் பறக்கையிலிருந்து ஒரு அம்மா வரும்வரை. கணவர் கடைநிலை ஊழியராக இருந்து பணியிலேயே இறந்துபோனவர். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுத்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. "சாரே, எனக்க பேப்பரு எந்த மேசையில கெடக்கு? அதை மட்டும் சொன்னா போரும்" என்றார். நான் அந்தப் பிரிவுக்குக் கண்காணிப்பாளராக வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நிலுவைப் பட்டியலைப் பார்த்தேன். அந்த எண்ணே இல்லை. தன் பதிவேட்டைப் புரட்டினால் பதினோரு மாதத்துக்கு முன்பே முடிந்ததாக இருக்கிறது. எல்.டிஸ்!

நடந்தது இதுதான். பணிப்பதிவேட்டில் ஒரு இடைவெளியை ஓர் அதிகாரி சரிபார்த்து ஒப்பம் வைக்க வேண்டியிருந்தது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் 'இது என் காலத்தது அல்ல' என்று ஒதுக்கி வைத்தார். ஆய்வு வரப்போகிறது, நிலுவை குறைய வேண்டும் என்று நெருக்கடி வந்ததும் யாரோ 'விவரம் கேட்டு எழுதப்பட்டது' என்று ஒரு வரி போட்டு முடித்துவிட்டார்கள். கேட்டு எழுதிய கடிதம் அந்த அம்மாவின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அது அழிக்கத் தகுந்த காகிதம். பதிவறையில் தூசிக்குள்ளிருந்து கட்டை எடுத்து, புது மனு வாங்கி, பழைய கோப்பைப் பின்கோப்பாகச் சேர்த்து அனுப்பினோம். அந்தச் சரிபார்ப்புக்கு ஆன நேரம் ஒரு மதியம். ஒரு மதிய வேலைக்காக ஒரு குடும்பம் பதினோரு மாதம் காத்திருந்தது.

இனி மகள் விஷயம். அவள் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. காலையில் கோட்டாறு ரயில் நிலையத்தில் ஏறினால் இரவுதான் வீடு. போன மாதம் அவள் பார்த்த ப்ராஜக்ட் ஒன்று முடிவுக்கு வந்தது. முடிந்த வேலை எல்லாம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஆனால் மென்பொருளில் நூற்றுச் சொச்சம் இனங்கள் 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்றே நிற்கின்றன. ஒப்புதல் தரவேண்டியவர்களில் சிலர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், சிலர் வேறு ப்ராஜக்ட்டில். அவை தீராமல் ப்ராஜக்ட்டை மூட முடியாது. எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து ஒரே சொடுக்கில் ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"பண்ணிரலாமாப்பா? யாரு பாக்கப் போறா?" என்றாள்.

"மக்ளே, ஒரு கேள்வி. படிச்சுப் பாத்தவன் போடுத ஒப்புதலும், கணக்குத் தீரணும்னு போடுத ஒப்புதலும் உங்க கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரிதான் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஒரே பச்சை டிக்குதான்" என்றாள். அதுதான் சிக்கல். நாளைக்கு ஏதாவது கோளாறு வந்து பின்னோக்கிப் பார்ப்பவன், இதை ஒருவர் பார்த்துத் தேற்றியிருக்கிறார் என்றே நம்புவான். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும் காகிதம், காகிதமே இல்லாததைவிட மோசம்.

இரண்டு பேரும் உட்கார்ந்து டாட்டன்ஹாம் பாணியில் பிரித்தோம். வேலை நடந்து, வேறு வழியில் சோதனையும் ஆகி, ஒப்பம் மட்டும் விட்டுப்போனவை ஒரு கட்டு. அவற்றுக்கு எந்தச் சோதனையில் தேறியது என்ற குறிப்போடு இவள் தன் பெயரிலேயே முடிக்கலாம். பின்னால் வந்த மாற்றத்தால் பொருளற்றுப் போனவை இரண்டாவது கட்டு. அவற்றுக்கு ஒப்புதல் கூடாது, 'தேவையில்லை' என்று காரணத்தோடு மூட வேண்டும். ஒரே விஷயம் இரண்டு தடவை பதிவானவை மூன்றாவது. உண்மையிலேயே யாரும் பார்க்காதவை நான்காவது. கடைசியில் அந்த நான்காவது கட்டில் ஒன்பதுதான் மிஞ்சின. அந்த ஒன்பதை மட்டும் இப்போது பொறுப்பில் இருப்பவருக்கு, இத்தனாம் தேதிக்குள் பார்க்க வேண்டும் என்று அனுப்பினாள். அதில் ஒன்றில் நிஜமாகவே தவறு இருந்ததாம்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது, மென்பொருள் செய்தவர்களும் இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள். ஜிராவில் ஒரு இனத்தை மூடும்போது செய்து முடித்ததா, செய்யப் போவதில்லையா, இரட்டைப் பதிவா என்று சொல்ல இடம் இருக்கிறது. கிட்ஹப்பில் ஒரு ஒப்புதல் வாங்கிய பிறகு வேலையில் மாற்றம் செய்தால் பழைய ஒப்புதல் செல்லாது என்று ஆக்கிவைக்கலாம். வரைவை அதிகாரி ஒப்பமிட்ட பிறகு அதில் ஒரு வரி சேர்த்தால் திரும்பவும் அவர் மேசைக்குப் போக வேண்டும் என்று நாம் வைத்திருந்தோமே, அதேதான். அரசு அலுவலகங்களுக்கு வந்திருக்கும் இ-ஆபீஸிலும் மஞ்சள் குறிப்பு வரைவு. பச்சைக் குறிப்பு பதிந்துவிட்டால் திருத்த முடியாது. கருவி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் கேட்கும் மேலதிகாரி இருந்தால் எந்தக் கருவியும் எல்.டிஸ் போடத்தான் பயன்படும்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். பட்டா மாறுதல், குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்று என்று எதற்கு மனுக் கொடுத்தாலும் ஒப்புகை வாங்கி, அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'அது முடிஞ்சு போச்சு' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடாதீர்கள். என்ன முடிவு, என்ன தேதி, எந்த எண் என்று கேளுங்கள். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலில் முடிவின் வகையைப் பாருங்கள். அது ஒரு வருஷக் கட்டில் கிடந்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.