நீல ரத்தம்

எனக்குப் படம் வரைய வராது. இத்தனை வருட சர்வீஸில் பத்தாம் வகுப்புக்கு இதயம் நடத்தும்போதெல்லாம், நான் போர்டில் போட்டது இதயமா கத்தரிக்காயா என்று கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடும். அதனால் போன் கேமராவில் பார்த்தால் மேசைமேல் இதயம் துடிப்பதுபோல் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி செயலி கைக்கு வந்தபோது, பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும் என்பதைவிட, சாக்பீஸிலிருந்து தப்பித்தோம் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

முதல் நாள் கண்ணாடி போட்ட மேசையில் இதயம் நிற்க மாட்டேன் என்றது. வழுக்கிக்கொண்டே போனது. ஒரு பையன் தினத்தந்தியை விரித்தான், சட்டென்று உட்கார்ந்துவிட்டது. கேமரா பரப்பிலுள்ள புள்ளிகளையும் விளிம்புகளையும் பிடித்துக்கொண்டு, போனுக்குள் அசைவை அறியும் சென்சார்களோடு ஒத்துப்பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கிறது. பளபளப்பான கண்ணாடியில் பிடிக்க ஒன்றுமில்லை. வெள்ளை சார்ட், சிமென்ட் தரை, என் சேலைத் தலைப்பு என்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். பாடம் அன்றைக்கு நகரவில்லை, நானும் தடுக்கவில்லை.

மறுநாள்தான் சிக்கல். செயலியில் இதயத்தின் வலது பக்கம் நீலம், இடது பக்கம் சிவப்பு. புத்தகப் படத்திலும் அப்படித்தான். ஆனால் புத்தகத்தில் அது வெறும் கலர். கண்ணெதிரே துடிக்கும்போது அது நிஜமாகிவிடுகிறது. “கெட்ட ரத்தம் நீலம்” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் எழுந்தாள்: “எங்க ஆச்சிக்கு சுகர் டெஸ்ட்டுக்கு நரம்புலதான டீச்சர் ரத்தம் எடுத்தாங்க? ஊசியில கருஞ்சிவப்பாத்தான இருந்துச்சு?” பக்கத்திலிருந்தவன் மணிக்கட்டைத் திருப்பி, “அப்ப இது ஏன் நீலமா தெரியுது?” என்றான். தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சம் செய்யும் வேலை அது. ரத்தம் எப்போதும் சிவப்புதான், ஆக்சிஜன் குறைந்தால் கருக்கும்.

அவள் கேள்வி எனக்கு பிசா என்ற சர்வதேசத் தேர்வை நினைவூட்டியது. மாணவர்களின் அறிவியல் அறிவையும் அளக்கும் அந்தத் தேர்வின் 2009 சுற்றுக்கான விரிவாக்கத்தில், இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு கடைசி இடங்களில் வந்தன. அந்தத் தேர்வுக்கு இதயத்தின் பாகங்களை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. ஒரு விஷயத்தைச் சொன்னால் அதற்கு ஆதாரம் என்ன என்று பார்க்கத் தெரிகிறதா என்பதையும் கேட்கிறது. ஆச்சியின் ஊசியை நினைத்துக் கேட்டவளிடம் அந்தத் திறமை இருந்தது.

அதனால் ஆதாரத்தைக் கையிலேயே கொடுக்கலாம் என்று கறிக்கடையில் ஆட்டு இதயம் வாங்கி வந்து குறுக்கே வெட்டினேன். விரலால் நசுக்கிப் பார்த்தார்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிட நன்றாகத் தடித்திருந்தது. வலது பக்கம் அருகிலிருக்கும் நுரையீரல் வரை ரத்தத்தைத் தள்ளினால் போதும், இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும். செயலியிலோ இரண்டு சுவரும் ஏறக்குறைய ஒரே தடிமன்.

இந்த வருடம் முதலில் கறிக்கடை, பிறகுதான் போன். செயலி காட்டும் இதயத்தில் எது உண்மை, எது வசதிக்காகச் செய்தது என்று எழுதச் சொல்கிறேன். நீலத்தை எல்லோரும் பிடித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் கிரவுண்டில் ஒரு சுற்று ஓடி வந்து, நாடியைப் பிடித்தபடி திரையைப் பார்த்து எழுதினான்: “இதுக்கு மூச்சு வாங்காது.”