இரண்டாவது பாட்டில்

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, செல் சுவாசம் என்றால் என்ன என்று கேளுங்கள். கடகடவென்று ஒப்பிக்கும். குளுக்கோஸ், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, நீர், ஆற்றல்; நடக்கும் இடம் மைட்டோகாண்டிரியா; ஆற்றலைத் தாங்கி நிற்கும் மூலக்கூறு ஏ.டி.பி. சமன்பாட்டில் ஓர் எண்கூடப் பிசகாது. அடுத்து, மளிகை டப்பாவிலிருந்து ஒரு கைப்பிடி பச்சைப்பயறை எடுத்து அதே பிள்ளையின் கையில் கொட்டி, "இது சுவாசிக்குதா?" என்று கேளுங்கள். "அது எப்படி மிஸ்? இன்னும் இலையே வரலையே" என்று பதில் வரும். முளைத்த பிறகு சுவாசிக்கும், அதுவும் ராத்திரியில்தான் என்று சிலர் சொல்வார்கள். பகலில் செடிக்கு ஒளிச்சேர்க்கை வேலை இருக்கிறதாம்.

நான் திருமுல்லைவாயிலில் அறிவியல் ஆசிரியை. வருடா வருடம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், இதே பதில்களும் வருகின்றன. மந்தமான பிள்ளைகள் அல்ல. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுவார், அல்லது ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருப்பார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் கழற்றிப் பார்த்துவிடுகிற பிள்ளைகள். சைக்கிள் செயினும் மின்விசிறி கண்டென்சரும் அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் கையால் தொட்டிருக்கிறார்கள். பயறு சுவாசிப்பதை மட்டும் யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

காட்டுவதற்குப் பெரிய ஆய்வகம் ஒன்றும் வேண்டாம். வெற்றிலை பாக்குக் கடையில் வெள்ளைச் சுண்ணாம்பு வாங்கி, ஒரு ஸ்பூன் அளவை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். காலையில் அடியில் வண்டல் நிற்கும், மேலே தெளிந்த நீர். அந்தத் தெளிவை மட்டும் சாய்த்தெடுத்து, விளிம்புவரை நிரப்பி மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் 0.04 சதவீத கார்பன் டை ஆக்சைடே போதும், மேலே ஆடை படிந்துவிடும். ஸ்ட்ரா வழியாக மெதுவாக ஊதச் சொன்னால் நொடியில் பால் நிறமாகும். உறிஞ்சக் கூடாது, காரம் வாயைப் புண்ணாக்கும். விடாமல் ஊதிக்கொண்டே இருக்கும் பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் உண்டு. அதன் டம்ளரில் வெண்மை கரைந்து நீர் மறுபடி தெளியத் தொடங்கும். கால்சியம் கார்பனேட் பைகார்பனேட்டாகிக் கரைந்துபோகிறது. புத்தகத்தில் மெனக்கெட்டுத் தேட வேண்டிய செய்தி, ஒரு சேட்டைக்காரப் பிள்ளையின் மூச்சில் தானாகக் கிடைத்துவிடும்.

இது வரைக்கும் நடப்பது வேடிக்கைதான். பாடம் அடுத்த நாள்தான் ஆரம்பிக்கிறது. முளைகட்டிய பயறைத் துணியில் முடிந்து, அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் ஊற்றிய பாட்டிலுக்குள் அந்தரத்தில் தொங்கவிட்டு மூடுகிறோம். அதே அளவு முளைப்பயறை அவித்து, ஆறவைத்து, இன்னொரு பாட்டிலில் அதே மாதிரி தொங்கவிடுகிறோம். மூன்றாவதில் வெறும் துணி. மறுநாள் காலையில் முதல் பாட்டிலில் பால், மற்ற இரண்டிலும் கிட்டத்தட்டத் தெளிந்த நீர். பார்த்ததும் ஒரு பெண் கேட்டாள்: "அவிச்சா பயறு செத்துடுமா மிஸ்? அப்ப டப்பால இருக்கிறது உயிரோடவா இருக்கு?" ஆமாம், உயிரோடுதான் இருக்கிறது. காய்ந்த விதையில் ஈரம் குறைவு, அதனால் சுவாசமும் மிக மிகக் குறைவு. தண்ணீர் பட்டதும் பன்மடங்காகிறது. நாம் தினமும் குக்கரில் போடுவது உயிருள்ள பொருள் என்பது அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இதில் பாடம் நடத்தியது அவித்த பயறு இருந்த பாட்டில் என்பது என் உறுதியான எண்ணம். பள்ளிகளிலும் கண்காட்சிகளிலும் நான் பார்க்கும் செயல்விளக்கங்கள் பெரும்பாலும் ஒற்றைப் பாட்டிலோடு முடிந்துவிடுகின்றன. பால் நிறமாகிறது, பிள்ளைகள் கை தட்டுகிறார்கள், குறிப்பேட்டில் படம் வரைகிறார்கள். ஈரத் துணியால் பால் நிறமானதா, பாட்டிலில் இருந்த காற்றாலா, பயறாலா என்று கேட்டால் அந்த ஒற்றைப் பாட்டிலுக்குப் பதில் தெரியாது.

வெப்பத்தைக் காட்டும் சோதனையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். இரண்டு தெர்மாஸ் ஃபிளாஸ்க். ஒன்றில் முளைப்பயறு, மற்றதில் அவித்து ஆறிய பயறு. உள்ளே ஒவ்வொரு தெர்மாமீட்டர், வாயில் பஞ்சு அடைப்பு. இறுக்கி மூடினால் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மறுநாள் முளைப்பயறு ஃபிளாஸ்கில் சில டிகிரி ஏறியிருந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். வார இறுதி கழிந்து திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவித்த பயறு ஃபிளாஸ்கிலும் வெப்பம் ஏறியிருக்கிறது. பஞ்சை எடுத்ததும் முதல் பெஞ்ச் மூக்கைப் பொத்திக்கொண்டது. "செத்ததும் சூடாகுது மிஸ்!" என்று ஒருவன் கத்தினான். சோதனை கெட்டுப்போனது என்று இங்கே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருடத்தின் மிக நல்ல வகுப்பு அதுதான். யார் சூடாக்கியது? பயறு செத்துவிட்டது, ஆனால் ஃபிளாஸ்குக்குள் வேறு யாரோ உயிரோடு இருக்கிறார்கள். வாடையை வைத்து அவர்களே பாக்டீரியாவிடம் வந்து சேர்ந்தார்கள். அவையும் சுவாசிக்கின்றன, அவற்றின் சூடுதான் இது. ஈர வைக்கோல் போர் உள்ளே கொதிப்பதற்கும் இதுதான் காரணம் என்று, லீவுக்குத் திருவள்ளூர்ப் பக்கம் தாத்தா ஊருக்குப் போய்வரும் பையன் ஒருவன் சேர்த்துக்கொண்டான். அங்கே போருக்குள் கையை விட்டுப் பார்த்திருக்கிறானாம். அடுத்த முறை இரண்டு பயறையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரில் சற்று நேரம் ஊறவைத்து அலசிய பிறகே ஃபிளாஸ்கில் போட்டோம். அவித்தது குளிர்ந்தே இருந்தது.

1782-83 குளிர்காலத்தில் பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் செய்ததும் இதே இனத்துச் சோதனை. பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்து, அதன் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் பிராணிக்கு உடம்பு சூடு என்று மட்டும் தெரிந்திருக்கும். அந்தப் பிராணி வெளிவிட்ட அதே அளவு வாயுவைத் தரும்படி கரியை எரித்து, அந்தச் சூட்டில் உருகிய பனியையும் அளந்தார்கள். இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒத்துவந்தன. சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று அவர்கள் துணிந்து சொன்னது, பக்கத்தில் கரி இருந்ததால்தான்.

அந்த "ராத்திரியில்தான்" என்ற பதிலுக்கு வருகிறேன், ஏனென்றால் அதை அசைப்பதுதான் கடினம். இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அதற்குக் கார்பன் டை ஆக்சைடுதான் காரணம் என்று யாராவது விளக்கமும் கொடுத்திருப்பார்கள். பக்கத்தில் படுத்துத் தூங்கும் தம்பி விடும் அளவுக்கு அஞ்சாதவர்கள் மரத்துக்கு அஞ்சுகிறார்கள். இலையை வைத்துச் சோதனை செய்தால் இந்தத் தப்பெண்ணம் இன்னும் இறுகும். கறுப்புத் துணி சுற்றிய பாட்டிலில் சுண்ணாம்பு நீர் பால் ஆகிறது, வெளிச்சத்தில் வைத்ததில் ஆவதில்லை. "பாத்தீங்களா மிஸ், பகல்ல சுவாசிக்கலை" என்று சோதனையையே சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். வெளிச்சத்திலும் இலை சுவாசிக்கிறது; வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை ஒளிச்சேர்க்கை அங்கேயே வாங்கிக்கொள்கிறது. இதை வாயால் சொல்வது சுலபம். காட்ட வேண்டுமானால் பச்சையே இல்லாத உயிருள்ள தாவரப் பகுதி ஒன்று வேண்டும், பட்டப்பகலில்.

பூ வைத்துப் பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. திருமுல்லைவாயிலில் வேறென்ன பூ? முல்லைக்கொடி யானையின் காலைச் சுற்றியதும், தொண்டைமான் வாளால் வெட்டியதும், வெட்டிய இடத்தில் லிங்கம் வெளிப்பட்டதும் இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த தல வரலாறு. கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் சரம் வாங்கி வந்தார்கள். வாழைநாரைப் பிரித்து, ஒவ்வொரு மொட்டின் அடியிலும் இருந்த பச்சைப் புல்லியை நகத்தால் கிள்ளி எறிந்து, வெண்மையை மட்டும் ஒரு கைப்பிடி சேர்த்தார்கள். ஒரு பாடவேளை முழுக்க அதற்கே போனது, வகுப்பெல்லாம் மணத்தது. ஜன்னலோரம் நல்ல வெளிச்சத்தில் பாட்டிலை வைத்ததுமே, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "இன்னொரு பாட்டில் எங்க மிஸ்? கொதி தண்ணில போட்ட பூ வேணுமே." நான் சொல்லவே இல்லை. சாயங்கால மணி அடிப்பதற்குள் முதல் பாட்டிலில் சுண்ணாம்பு நீர் வெளுத்திருந்தது. வெந்த பூ இருந்த பாட்டில் தெளிவாக இருந்தது. பறித்த பூவும் சுவாசிக்கிறது, அதுவும் பகலில். கோயம்பேட்டுக்கு வரும் பூவை ஏன் ஐஸ் வைத்து தெர்மாகோல் பெட்டியில் அடைக்கிறார்கள் என்பதும் அதே மூச்சில் விளங்கிவிட்டது. குளிர்ந்தால் சுவாசம் தணியும், சேர்த்து வைத்த சர்க்கரை சீக்கிரம் தீராது, பூ வாடுவதும் தள்ளிப்போகும்.

பூக்களின் சூட்டைப் பற்றி ஒரு செய்தி சொன்னேன், பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். தாமரை பூக்கும் நாட்களில், சுற்றியுள்ள காற்று 10 டிகிரிக்கு இறங்கினாலும், தன் உள்ளே 30 முதல் 35 டிகிரி சூட்டைக் காத்துவைக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து, 1996ல் வெளியிட்டார்கள். அந்தச் சூடு முழுக்க செல் சுவாசத்தின் சூடு.

முல்லைக்குப் பிறகு கேள்விகள் கோயிலுக்குள்ளேயே போய்விட்டன. மாசிலாமணீஸ்வரர் கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு எருக்கந்தூண்கள் சுவாசிக்குமா என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நிற்கும் மரத்திலேயே நடுத்தண்டின் பெரும்பகுதி இறந்த செல்கள்தான். உயிர் பட்டையை ஒட்டிய பகுதியில்தான் அதிகம், அது பட்டைத்துளைகள் வழியாகக் காற்று வாங்குகிறது. வெட்டிக் காய்ந்த கட்டையில் அதுவும் இல்லை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், புதிதாக ஒடித்த முருங்கைக் கொம்பையும் காய்ந்த விறகையும் கறுப்புத் துணிக்குள் வைத்து ஒப்பிட்டுக்கொண்டார்கள்.

ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டுப் பலூன் மாட்டும் சோதனை எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை இல்லாத பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், வேறொன்றும் சொல்வதற்கில்லை. இட்லி மாவையும் சேர்த்துக்கொள்ளலாம். மாவைப் பொங்கவைப்பது பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, லூகோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று 1965லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது மெத்திலீன் நீலம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் மீனுக்கு மருந்தாக விற்கிறார்கள். ஈஸ்ட் கரைசலில் ஒரு சொட்டு விட்டால் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக மறையும். ஈஸ்ட் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு எலக்ட்ரான்களைச் சாயத்திடம் தள்ளிவிடுகிறது. குலுக்கினால் காற்று கலந்து நீலம் திரும்பிவிடும். வேகவைத்த ஈஸ்ட்டில் நீலம் நீலமாகவே நிற்கும். பால் பண்ணைகளில் பச்சைப் பாலைத் தரம் பார்ப்பது இதே சாயத்தை வைத்துத்தான். 5 மணி நேரத்துக்கு மேல் நீலம் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசமான பால்.

ஏ.டி.பி.யைக் கண்ணால் காட்ட என்னிடம் வழியில்லை. அதற்குப் பதிலாக எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றிச் சொல்கிறேன். 1895ல் பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். கதர் உடுத்தியது பேராசிரியருக்குப் பிடிக்காமல் போனதால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அவர்தான் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1929ல் ஏ.டி.பி.யைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாகக் கண்டுபிடித்தார். சுப்பாராவ் படித்த மருத்துவக் கல்லூரி, நம் மின்சார ரயில் போய் நிற்கும் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். ஒரு குளுக்கோஸுக்கு 36 ஏ.டி.பி. என்றும் 38 என்றும் புத்தகங்கள் சொன்ன கணக்கு இப்போது 30, 32 என்று குறைந்திருப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் இல்லாமல் கிடைப்பது 2 மட்டும்.

6 முதல் 8 வரை படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தால் சோதனைகள் வகுப்பறைக்கே வருகின்றன, மிக நல்ல காரியம். ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் தேர்வு வந்து குறுக்கே நிற்கிறது. 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வில் முடிவு சரியாக வந்தால் போதும், எப்படி அந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்க நேரமில்லை. நேரமின்மை எனக்கும் தெரியும். ஆனாலும் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் செல் சுவாசப் பாடம் வரும்போது ஒரு பிடி பயறை முளைகட்டி, அதில் பாதியை அவித்து எடுத்துவாருங்கள். பயறு, சுண்ணாம்பு, காலி தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு பாட்டில் வைக்க அன்றைக்கு நேரமில்லையென்றால், சோதனையை மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள்.