கணிப்பொறியின் முகப்பு

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி நோக்கிச் செல்வோர் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பலவற்றைக் காண்பர். பச்சைத் தோல் நீரில் ஊறிச் சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து, மயிரும் சதையும் நீங்கிப் பதம் பெறுகிறது. ஓரிடத்தில் பதமான தோல் வேறோரிடத்தில் நிறம் ஏறி, மற்றோரிடத்தில் காலணியாவதும் உண்டு. லினக்ஸ் இயங்குதளமும் இவ்வாறே பல கைகளைக் கடந்துதான் மக்களிடம் வந்து சேர்கிறது.

பின்லாந்து நாட்டில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட கருநிரல் அதன் உள்ளே இருப்பது. கண்ணுக்குப் புலனாவது திரைமுகப்பு. சன்னல்களும் பட்டிகளும் பொத்தான்களும் சேர்ந்த தொகுதி அது. 1997இல் தொடங்கிய க்னோம் என்பது அத்தகைய முகப்புகளுள் ஒன்று. இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துமாறு திரட்டி அளிப்பதற்கு வழங்கல் என்று பெயர். 1993இல் தோன்றிய டெபியன் புகழ்பெற்ற வழங்கலாகும். அதனை அடித்தளமாகக் கொண்டு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் 2007இல் பாஸ் என்னும் இந்திய வழங்கலை வெளியிட்டனர். 2011 செப்டம்பரில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் இதுவும் இடம்பெற்றது. தோல் தொழிலாளர் இல்லங்கள் சிலவற்றில் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறி அதுவாகவே இருந்திருக்கும்.

அதே 2011இன் ஏப்ரல் திங்களில் க்னோமின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. திரையின் அடியிலிருந்த பட்டை மறைந்தது. சன்னலைச் சுருக்கும் பொத்தானும் மறைந்தது. பழகிய வீட்டில் இரவோடிரவாகக் கதவை இடம் மாற்றினாற்போலப் பயனர் திகைத்தனர். பழைய க்னோமையே தொடர்ந்து பேணச் சிலர் முனைந்தனர். மாட்டே என்னும் முகப்பு அவ்வாறு பிறந்ததே. ஆயினும் பழையதைப் பிடித்துக்கொண்டு என்றும் இருத்தல் இயலாது. பேணுவார் இல்லாத மென்பொருளில் காணப்படும் பாதுகாப்புக் குறைகளை அடைப்பார் யார்?

ஆகவே புதிய முகப்பு வந்தே தீரும். எனினும் வழங்கலாளர் அதனை உடனே ஏற்றுவதில்லை. முகப்பு நூற்றுக்கணக்கான துணைநிரல்களைச் சார்ந்தது. ஒன்றைப் புதுப்பித்தால் அதனை நம்பியுள்ள மற்றவை நிலைகுலையக்கூடும். டெபியனில் புதிய பொதி முதலில் நிலையற்ற பிரிவிற்கு வரும். சில நாட்கள் பெரும்பிழை தோன்றாதிருப்பின் சோதனைப் பிரிவிற்குச் செல்லும். பின்னர் மாற்றங்கள் நிறுத்தப்பட்டுப் பிழைகள் களையப்பெற்று, ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை நிலையான பதிப்பு வெளிவரும். க்னோமின் மூன்றாம் பதிப்பு டெபியனின் நிலையான பதிப்பில் இடம்பெற்றது 2013 மே திங்களில்தான். பொறுமையற்றோர் இதனைச் சோம்பல் என்பர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை முன்னதாகவே எடுத்தால் என்னாகும் என்பதை ஆம்பூரார் அறிவர்.

இம்மாற்றத்தில் பெரிதும் இடர்ப்படுவது தமிழே. மொழிபெயர்ப்புக் கோப்பில் ஒவ்வோர் ஆங்கிலத் தொடருக்கும் நேராக அதன் தமிழ்த் தொடர் எழுதப்பட்டிருக்கும. ஆங்கிலத் தொடரில் ஒரு சொல் மாறினாலும் அதற்குரிய தமிழ் ஐயத்திற்குரியதெனக் குறிக்கப்படும். ஒருவர் பார்த்து உறுதி செய்யும்வரை அத்தமிழ் திரையில் தோன்றாது, ஆங்கிலமே தோன்றும். நேற்றுவரை முழுதும் தமிழாயிருந்த பட்டியில் இன்று இடையிடையே ஆங்கிலம் முளைப்பது இதனாலேயாம். ஆங்கிலம் நன்கறிந்தவர்க்கு இது பொருட்டன்று. தமிழ்வழியில் பயிலும் மாணவனுக்கோ, எந்தப் பொத்தான் கோப்பைச் சேமிக்கும், எது அழிக்கும் என்பதே ஐயமாகிவிடும்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசுவோர் மிகுதி. க்னோம் முகப்பை உருதுவிற்கு மாற்றினால் எழுத்து மட்டுமன்றி அமைப்பே வலமிருந்து இடமாகத் திரும்பும். இடக்கோடியிலிருந்த பட்டி வலக்கோடிக்குச் செல்லும். புதிய முகப்பை ஏற்றுவோர் இதனையும் சோதித்தாக வேண்டும்.

க்னோம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய பதிப்பைத் தருகிறது. ஒவ்வொரு வெளியீட்டிற்கும் சில வாரங்கள் முன்பு, இனி ஆங்கிலத் தொடர்களை மாற்றலாகாது என்று அறிவிப்பர். மொழிபெயர்ப்போருக்குக் கிடைக்கும் கால இடைவெளி அதுவே. அந்நாட்களில் தமிழ்க் கோப்பைத் திறந்து, ஐயக்குறி இடப்பட்ட தொடர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலரே.