மரை கழண்டாதான் நிம்மதி

ஆபீஸ் வேலையை 'ஆணி புடுங்குறது'ன்னு சொல்லிச் சொல்லியே நமக்கெல்லாம் பழகிப்போச்சு. 2001ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துல வடிவேலு ஆரம்பிச்சு வெச்சது. நிஜமாவே ஒண்ணைப் புடுங்கணும்னா என்ன பாடுன்னு போன மாசம்தான் பார்த்தேன். ஆணி இல்ல, போல்ட். அதுவும் கார் எஞ்சின்ல, தலை இல்லாத போல்ட். பழைய கார் வெச்சிருக்கறவங்களும், பழைய காரை விடமாட்டேங்கற அப்பா உள்ளவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. உதவும் :-)

எங்க அப்பாவோட வண்டி மாருதி 800. 1983 டிசம்பர்ல முதல் வண்டி வந்து, 2014 ஜனவரியோட உற்பத்தி நின்னுபோன அதே மாருதி. வித்தா என்ன தருவீங்கன்னு கேட்டா சிரிப்பாங்க. ஆனா சனிக்கிழமை ஆனா அப்பா அதை எடுத்துக்கிட்டு ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போயிடுவார். பத்துப் பன்னண்டு கிலோமீட்டர்தான். அங்க அத்தை படுத்த படுக்கையா இருக்காங்க. அப்பாவுக்கு 75 வயசு, முழங்கால் வலி, பஸ் படி ஏற முடியாது. ஆட்டோ பிடிச்சுத் தர்றேன்னா, "எங்க அக்காவைப் பார்க்க நான் யாரையும் எதிர்பார்க்கணுமா?"ன்னு கேப்பார். அதனால வண்டி நின்னா அக்காவும் தம்பியும் பார்த்துக்கறதும் நின்னுடும். எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அன்னைக்கு அத்தை வீட்டு வாசல்ல நிறுத்தும்போதே பானெட்டுல இருந்து ஆவி. தெர்மோஸ்டாட் மூடியில தண்ணி கசியுது. எஞ்சின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம பிடிச்சு வெக்கற வால்வு அது. அலுமினிய மூடி, ரெண்டு போல்ட். பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்தார். ஒண்ணு சமத்தா கழண்டு வந்துச்சு. இன்னொண்ணு தலை மட்டும் ஸ்பானரோட வந்துச்சு. அவர் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, அந்த போல்ட் என்னைக்கோ செத்துப்போச்சு. "சார், மொத்தமா இறக்கணும். இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு பண்ணுறதுக்கு காயலான் கடையில போட்டுடலாம்"னார். அப்பா ஒண்ணும் பேசல. உள்ள போய் அத்தை கட்டில் பக்கத்துல உட்கார்ந்துட்டார்.

ராஜபாளையத்துல எங்க தெருவுல ஒரு அண்ணாச்சி இருக்கார். நூல் மில்லுல முப்பது வருஷத்துக்கு மேல ஃபிட்டர். 1936ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து ஊருல மில்லு பெருகிச்சு. மில்லை நம்பி லேத் பட்டறைகளும், இரும்போட பேசத் தெரிஞ்ச இந்த மாதிரி ஆளுகளும். போன் போட்டேன். "தம்பி, முதல்ல எல்லாரும் கையை எடுங்க. துரு இளக்குற ஆயிலை ஊத்தி விட்டுட்டுத் தூங்குங்க. காலையில வர்றேன்"னார்.

காலையில பஸ் ஏறி வந்து, ஏன் பிடிச்சுக்கிச்சுன்னு முதல்ல விளக்கினார். போல்ட் இரும்பு, அது உட்கார்ந்திருக்கற இடம் அலுமினியம். ரெண்டுக்கும் நடுவுல தண்ணி போனா அது ஒரு குட்டி பேட்டரி மாதிரி. அலுமினியம் அரிச்சு வெள்ளை மாவா மாறும். அந்த மாவுக்கு உலோகத்தை விட அதிக இடம் வேணும், அதனால மரைக்குள்ள ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிக்கும். கூலன்ட்ல இதைத் தடுக்கற மருந்து கலந்திருக்கும். வெறும் கிணத்துத் தண்ணியில அது கிடையாது. வருஷக்கணக்கா நம்ம ஊரு வண்டிங்க குடிக்கறது கிணத்துத் தண்ணிதான!

அப்புறம் அவரோட சட்டத்தைச் சொன்னார். "இப்ப செய்யுற வேலை பலிக்கலேன்னா, அடுத்த வேலைக்கு இடம் மிச்சம் இருக்கணும். அப்படி இல்லாததைத் தொடவே கூடாது." அடுத்த ரெண்டு நாளும் இந்த ஒரு சட்டம்தான்.

முதல் வேலை, சின்ன சுத்தியலால டொக் டொக்குனு தட்டுறது. மாவு விரிசல் விட்டு ஆயில் உள்ள இறங்கும். ரெண்டாவது, அத்தை வீட்டு அடுப்புல கொதிக்கற தண்ணியைச் சுத்தியுள்ள அலுமினியத்து மேல ஊத்துறது. சூட்டுல அலுமினியம் இரும்பை விட ரெண்டு மடங்கு விரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு கிடைக்கற இடைவெளி அஞ்சாறு மைக்ரான்தான். தலைமுடி தடிமன்ல பத்துல ஒரு பங்கு. ஆனா சூடு, குளிர்ச்சி, சூடுன்னு மாத்தி மாத்திப் பண்ணினா பிடிப்பு தளரும். தீயே வேண்டாம்னுட்டார். துண்டு மேல ஒரு நட்டை வெச்சு வெல்டிங் அடிச்சுத் திருகுறது நல்ல வழிதானாம், ஆனா இங்க பக்கத்துலயே கார்புரேட்டர், பெட்ரோல்.

ரெண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டிருந்த துண்டை வைஸ் கிரிப்புல பிடிச்சு மெதுவா அசைச்சார். அதுவும் பொடிஞ்சு, தரைமட்டமா ஆயிடுச்சு. எனக்கு வயிறு கலங்கிச்சு. அவர் டீ கேட்டார்.

"ஈசி அவுட் வாங்கிட்டு வரட்டுமா அண்ணாச்சி?" போல்ட்ல ஓட்டை போட்டு, இடப்பக்கம் திருகுற மாதிரி உள்ள விட்டு எடுக்கற கருவி. பேருலயே ஈசி இருக்கே! தலையை ஆட்டினார். இவ்வளவு இறுகின போல்ட்ல அதை விட்டா துண்டை உள்ளயிருந்து அகட்டி இன்னும் இறுக்கும். மீறித் திருகினா ஈசி அவுட்டே ஒடியும். அது கெட்டி எஃகு, சாதாரண ட்ரில் பிட் அதுல ஏறாது. அப்புறம் பார்ட்டைக் கழட்டி எடுத்துட்டுப் போய், மின்பொறியால உலோகத்தை அரிச்சு எடுக்கற மெஷினைத் தேடணும். (1943ல சோவியத் யூனியன்ல லாசரெங்கோ தம்பதி கண்டுபிடிச்ச முறை. அவங்க மின் தொடுமுனை ஏன் தேயுதுன்னு பார்க்கப் போய் இதுல வந்து நின்னாங்களாம்.) அடுத்த வேலைக்கு இடம் மிச்சம் வெக்காத கருவி, அதனால சட்டப்படி தள்ளுபடி.

மிச்சம் இருந்தது ட்ரில் பண்றது. அதுல ஆபத்து, நடுவுல போகாம ஓரமா போறது. ஒடிஞ்ச முகம் மேடு பள்ளமா இருக்கும். பிட் வழுக்கினா மெதுவான அலுமினியத்துல ஏறிடும், மரை போச்சு. அண்ணாச்சி கழட்டின மூடியையே என் கையில கொடுத்து, "இதுல போல்ட் நுழையுற ஓட்டைக்கு டைட்டா ஒரு புஷ் கடைஞ்சு வாங்கிட்டு வாங்க. நட்ட நடுவுல 3 மில்லிமீட்டர் துளை"னார். திங்கக்கிழமை அதைத் துணிப்பையில போட்டு பஸ்ஸுல ராஜபாளையம் லேத் பட்டறைக்குப் போனேன். 150 ரூபா, அரை மணி நேரம். மூடியைத் திருப்பி மாட்டி, புஷ்ஷை உள்ள இறக்கினா ட்ரில் பிட்டுக்கு நடுவைத் தவிர வேற வழியே கிடையாது. எவ்வளவு எளிசு பாருங்க!

கீழ தண்ணிப் பாதையில துணியை அடைச்சோம், பிசிறு விழக்கூடாது. பிட் மேல ஆழத்துக்கு அடையாளமா டேப் சுத்தினோம். முதல்ல 3, அப்புறம் மூடியை எடுத்துட்டு அதே துளையில 5, கடைசியா ஆறரை. மெதுவான வேகம், சொட்டுச் சொட்டா ஆயில். 8 மில்லிமீட்டர் போல்ட்டுல மரைப் பள்ளத்தோட அடிவரைக்கும் உள்ள விட்டம் கிட்டத்தட்ட ஆறரைதான். அதுவரை குடைஞ்சா போல்ட்டோட மரை மட்டும் சுருளா மிஞ்சும். அண்ணாச்சி ஒரு கூரான கம்பியை விட்டு நெம்பினார். பேனா ஸ்பிரிங் மாதிரி ஒரு துருப்பிடிச்ச சுருள் நெளிஞ்சு வந்துச்சு. டேப்பை விட்டு மரையைச் சுத்தம் பண்ணினா, அலுமினியத்துல ஒரு கீறல் கூட இல்ல.

அப்பா வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தவர், அந்தச் சுருளை வாங்கி ரொம்ப நேரம் உள்ளங்கையிலயே வெச்சிருந்தார். புது போல்ட் ரெண்டுக்கும் கிரீஸ் தடவி மாட்டி, கிணத்துத் தண்ணியை வடிச்சுட்டு கூலன்ட் ஊத்தினோம். அண்ணாச்சி காசு வாங்கல. அரைக் கிலோ பால்கோவா மட்டும் வாங்கிக்கிட்டார்.

உங்க வண்டியிலயும் இப்படி ஆனா அண்ணாச்சி சட்டத்தை ஒருதடவை நினைச்சுக்கோங்க. அவசரத்துக்குப் பண்ற வேலை பெரும்பாலும் கடைசி வேலையா ஆயிடுது.

வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டு உள்ளயிருந்து அத்தை குரல் கொடுத்தாங்க. "என்ன தம்பி, ஆபரேஷன் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அக்கா. சனிக்கிழமை வர்றேன்"னார் அப்பா.